துரை கண்ட கொம்புச்சாமியும் தோட்டத்து முனியும்

1900ஆம் ஆண்டில் பதினாறு வயது ஆங்கிலேயப் பையன் ஒருவன் மஸ்கெலியாவின் லாட்புரோக் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்து சேர்ந்தான். ஜெரல்ட் கார்ட்னர் என்பது அவன் பெயர். ஆஸ்துமா நோயாளி; பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. அக்காலத்தில் மலைநாட்டுக்கு வந்த நூற்றுக்கணக்கான சின்னத்துரைமாருள் அவனும் ஒருவன். பின்னர் ஹோட்டன் சமவெளியின் விளிம்புக்குக் கீழே அமைந்த நொன்பாரெயில் தோட்டத்தில் சிலகாலம் இருந்தான். உலக முடிவுப் பாறையில் நின்று குனிந்து பார்ப்பவர்களின் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தோட்டந்தான். அதே சமவெளியின் மறுபக்கம் ஒஹியவில் இறங்கினால் நமது பதுளை மாவட்டம். இலங்கையிலிருந்து போர்னியோவுக்கும் அங்கிருந்து மலாயாவுக்கும் சென்று, 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய அந்த மனிதர், 1954இல் ‘இன்றைய சூனியக்கலை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். இன்று ‘விக்கா’ என்று உலகம் அறிந்திருக்கும் மதத்துக்கு அடித்தளமிட்ட நூல் அது.

அந்த மதத்தில் இரண்டு தெய்வங்கள் தலைமை பெறுகின்றன. ஒன்று நிலவோடு தொடர்புடைய பெண் தெய்வம். மற்றது தலையில் மான்கொம்பு முளைத்த ஆண் தெய்வம். காட்டுக்கும் வேட்டைக்கும் விலங்குகளுக்கும் அவரே அதிபதி. தேயிலைத்தூளின் வாசனையில் வளர்ந்த ஒரு துரை இப்படியொரு சாமியை உலகுக்குக் கொடுத்தார் என்ற செய்தி நம்மவர்களிடையே அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. பேசவேண்டிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

கொம்புள்ள காட்டுத் தெய்வம் ஐரோப்பாவுக்குப் புதியதன்று. பாரிஸ் நகரின் நோத்ர தாம் தேவாலயத்தின் அடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது, உரோமப் பேரரசன் திபேரியுஸ் காலத்துக் கல்தூண் ஒன்றின் துண்டுகள் கிடைத்தன. அதில் கொம்புடன் கூடிய ஒரு முகம். மேலே செர்னுன்னோஸ் என்ற பெயர். கெல்ட்டிய மக்களின் தெய்வம் அவர். கிறிஸ்தவம் வேரூன்றிய பின்னர் ஐரோப்பியரின் மனத்தில் கொம்பு சாத்தானுக்குரிய அடையாளமாயிற்று. 1921இல் மார்கரெட் மரே என்ற எகிப்தியவியல் அறிஞர் (இவரும் கல்கத்தாவில் பிறந்தவர்தான்), சூனியக்காரிகள் என்று கொளுத்தப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தின் இரகசிய அடியார்கள் என்று எழுதினார். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட நூல், விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டில் உருவான மதமே என்பதை விரிவாக நிறுவியது. பரம்பரை பரம்பரையாக வந்தது என்று கார்ட்னர் சொன்னதெல்லாம் பெரும்பகுதி கற்பனை.

ஆயினும் என்ன ஆயிற்று? அந்தக் கற்பனைக்கு மரியாதை கிடைத்துவிட்டது. 2007இல் ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை, வீழ்ந்த படைவீரரின் கல்லறைக்கல்லில் விக்காவின் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அனுமதித்தது. 2021ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் மதத்தைப் ‘பேகன்’ என்றும், மேலும் 13,000 பேர் ‘விக்கா’ என்றும் தாமாகவே எழுதிக் கொடுத்தார்கள். ‘பேகன்’ என்ற சொல்லின் இலத்தீன் வேரைத் தேடிப் பாருங்கள். நாட்டுப்புறத்தான் என்பது அதன் பொருள். நம் பேச்சு வழக்கில் சொன்னால் பட்டிக்காட்டான். நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஏளனமாக வீசிய சொல்லை எடுத்து நெற்றியில் திலகமாக இட்டுக்கொண்டிருக்கிறார்கள் இந்த 74,000 பேரும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கார்ட்னர் நமது தோட்டங்களிலிருந்து தம் சாமியைத் தூக்கிச் சென்றார் என்று நான் வாதிட வரவில்லை. அவருடைய கொம்புச்சாமி மார்கரெட் மரேயின் ஏடுகளிலிருந்து எழுந்து வந்தவர். நம்மவர் எதற்கெடுத்தாலும் ‘அது எங்களுடையது’ என்று உரிமை கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எனது கேள்வி வேறு. காட்டுத் தெய்வத்தை வணங்கும் மக்கள் அவருடைய கண்முன்னே, தோட்டத்து மலைகளில், இரத்தமும் சதையுமாக இருந்தார்கள். துரையின் கற்பனை மதமாயிற்று; கூலியின் மதம் மூடநம்பிக்கையாயிற்று. அப்படி ஆக்கியதில் துரைமாருக்கு இருந்த பங்கைவிட நமது பங்கு குறைவானதா?

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று போகும் பாதைகளில், அல்லது அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குப் போகும் வழியில், தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் எல்லையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அங்கே தனித்து ஒரு பெரிய மரம் நிற்கும். மலை முழுவதையும் வெட்டி வெளியாக்கிய கோடரி அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டு வைத்திருக்கும். அடியில் ஒரு கல், மஞ்சளும் குங்குமமும், துருவேறிய சூலம், சில இடங்களில் ஒரு அரிவாள், காய்ந்த எலுமிச்சம்பழங்கள். அவர்தாம் முனி. முனியாண்டி, முனீஸ்வரன் என்றும் சொல்வார்கள். அதே எல்லையில் மாடசாமி இருப்பார், மதுரைவீரன் இருப்பார், காட்டேறியும் இருப்பாள். கூரை கிடையாது. கேட்டால், ‘சாமி கூரை வேணாம்னு சொல்லிட்டாருங்க’ என்பார்கள். சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். நேர்த்தி வைத்தவர்கள் சேவலோ கடாவோ கொடுப்பார்கள். நமது முனிக்குக் கொம்பு இல்லை. கொம்பு அவருக்குப் பலியாகும் கடாவுக்குத்தான்.

இந்தத் தெய்வங்கள் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவை. ஆனால் வந்தபடியே இருந்துவிடவில்லை. தேயிலைக்கு ஏற்பத் தாமும் மாறின. கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கும்பிடப்படுபவர் கவ்வாத்துச் சாமி. தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரத்தில் குடியிருப்பவர் ரோதைமுனி. ‘ரோதை’ என்பது போர்த்துக்கேயச் சொல். சக்கரம் என்று பொருள். ஆங்கிலேயனின் இரும்புச் சக்கரத்துக்குப் போர்த்துக்கேயப் பெயர் சொல்லி, அதில் மதுரைச் சீமையின் முனியை இருத்தி, கைவிரல் நசுங்காமல் காப்பாற்று என்று வேண்டிக்கொண்ட மக்களின் சமயக் கற்பனை சாதாரணமானதா? பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்ற காலத்தில் ‘பண்பாட்டுக் கலப்பு’ பற்றி நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். ரோதைமுனி பற்றி ஒரு விரிவுரையாளரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

காடு எப்படி எல்லையாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்ற அனுமானத்தைச் சட்டமாக்கியது. கோப்பித் துரைமார் அந்தக் காட்டை வாங்கினார்கள், வெட்டினார்கள், எரித்தார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் அதே மலைகளில் தேயிலை வந்தது. காட்டை வெட்டிய கைகள் நம்முடைய முன்னோரின் கைகள். வெட்டும்போது பயந்தார்கள், வெட்டிய பின்னும் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கும் மன்னிப்புக் கேட்டலுக்கும் அடையாளமாக விடப்பட்டதுதான் அந்த ஒற்றை மரம் என்பது எனது எண்ணம்.

அதே ஆண்டுகளில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று இவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை நகரில் இன்றும் நிற்கும் பரிசுத்த மாற்கு தேவாலயம் அவருடைய நினைவாக எழுப்பப்பட்டது. சில ஆண்டுகளின் பின் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிலிருந்து வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தித் திரிந்து, 1854இல் அதை ஒரு நூலாகவும் எழுதினார். துரைமாரின் பங்களாக்களில் சுவரை அலங்கரித்தவை அந்த மரைகளின் கொம்புகள். கொம்பு வைத்த காட்டு உயிரைத் தலைவேறு உடல்வேறாக்கிச் சுவரில் மாட்டிய சமூகத்திலிருந்தே, ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த ஒருவர் கொம்பு வைத்த காட்டுக் கடவுளைத் தேடிப் புறப்பட்டார் என்பது வரலாற்றின் குறும்பு. ஆயிரம் யானைகளைக் கொன்றவருக்குக் கோயில் இருக்கிறது. காட்டுக்குக் காவலிருந்தவர் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார்.

நம்முடைய பழைய நினைவுகளில் கொம்புக்கும் தெய்வத்துக்கும் இடையே இருந்த உறவை மறந்துவிட்டோம். சிலப்பதிகாரத்தின் வேட்டுவவரியில், கொற்றவைக் கோலம் பூண்ட குமரி கலைமானின் மீது ஏற்றப்படுகிறாள். சிந்துவெளி முத்திரையொன்றில் எருமைக்கொம்பு சூடி விலங்குகள் சூழ அமர்ந்திருப்பவரை 1931இல் ஜோன் மார்ஷல் சிவனின் முன்னோடி என்றார். மறுப்பவர்கள் பலர், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. ஊவாவிலேயே, பதுளை மாவட்டத்தின் தம்பானையில் வேடர்கள் இருக்கிறார்கள். 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் ஆய்வு நூல், வேடர்களின் கந்தே யக்காவைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. வாழ்ந்து மறைந்த பெரு வேட்டைக்காரன் அவன். மரைவேட்டை வாய்க்க வேண்டும் என்று அவனை அழைப்பார்கள். சன்னதம் வந்தவர் மரையின் தடம் தேடி அம்பெய்வதைப் போல் ஆடுவார். அதே மாகாணத்தின் கதிர்காமத்திலோ, மானின் வயிற்றில் பிறந்து வேடரிடம் வளர்ந்த வள்ளியைத் தேடி முருகன் வந்தான் என்கிறோம். இந்தக் கதையை மட்டும் நாம் மூடநம்பிக்கை என்று சொல்வதில்லை. தங்கத் தேரும் பட்டும் சேர்ந்துவிட்டால் காட்டுக்கதையும் புராணமாகிவிடும்.

வேடரின் ‘யக்கா’வுக்கு நேர்ந்ததைக் கவனியுங்கள். அவர்களுக்கு அது மதிப்புக்குரிய மூதாதையின் ஆவி. சிங்களப் பேச்சு வழக்கில் அதுவே பிசாசு. நமது முனிக்கும் அதுவே நேர்ந்தது. ‘முனி அடிச்சிருச்சு’ என்றால் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நகரத்துப் பிள்ளைகள் விளங்கிக்கொள்கிறார்கள்.

இந்த இழிவுக்கு ஒரு சொல் இருக்கிறது. எழுதவே கூசும் சொல். ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். ‘தோட்டக்காட்டான்.’ யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மலையக மனிதனைப் பார்த்துத் தமிழன் சொன்ன சொல் அது. அதற்குள்ளே காடு இருக்கிறது. காட்டில் இருந்தவன் இழிந்தவன் என்றால், காட்டில் இருந்த சாமி மட்டும் எப்படி உயர்ந்தவராக முடியும்? இதன் விளைவை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கையில் சிறிது பணம் வந்ததும், தோட்டத்து இளைஞர்கள் முதலில் செய்ய நினைப்பது முனியைச் ‘சரிப்படுத்துவது’. மரத்தின் கீழிருந்த கல்லுக்குப் பக்கத்தில் கொங்கிறீற் மண்டபம் எழும். முன்னால் பிள்ளையார், ஒரு பக்கம் நவக்கிரகம். வேர் தரையைப் பிளக்கிறது என்று மரம் தறிக்கப்படும். முனி சிவமுனீஸ்வரராகிப் பின்மூலைக்கு ஒதுங்குவார். பரம்பரையாகத் தீபம் காட்டிய பூசாரி வெளியே நிற்பார். நகரத்திலிருந்து குருக்கள் வருவார். சன்னதம் வந்து வாக்குச் சொன்ன பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இப்படி ஒதுக்கப்பட்ட வயதான பூசாரி ஒருவரிடம், ‘ஐயா, உங்களுக்கு இதில் வருத்தம் இல்லையா?’ என்று கேட்டேன். ‘வருத்தம் என்னாங்க ஐயா... பயலுவ படிச்சிட்டானுங்க. டவுனுல நாலு பேரு மதிக்கணும்னு நெனைக்கிறானுங்க. அது தப்பில்லீங்களே’ என்றார். சற்றுநேரம் கழித்து, ‘ஆனா சாமி இப்ப பேசுறதில்லீங்க’ என்றார்.

அவர் சொன்ன முதற்பாதியை நான் இலகுவாக ஒதுக்க மாட்டேன். நூற்றைம்பது ஆண்டுகள் ஏளனம் கேட்டவர்கள் கோபுரம் கட்ட ஆசைப்படுவதைக் கண்டு, புலம்பெயர்ந்த நாட்டில் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு ‘ஐயோ, நாட்டாரியல் அழிகிறதே’ என்று கண்ணீர் வடிப்பது மலிவான காரியம். கோபுரம் கட்டுவது அவர்கள் உரிமை. கோபுரம் இல்லாத சாமி சாமியில்லை என்று அவர்களை நம்பவைத்தது யார் என்பதே நாம் கேட்கவேண்டியது.

பலி விடயத்திலும் இதே கோணல் இருக்கிறது. உயிர்ப்பலி எனக்கு உவப்பானதன்று. ஆனால் 2018 செப்டெம்பரில், இந்துக் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைச் சட்டத்தால் தடைசெய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, அதை வரவேற்று அறிக்கை விட்ட நம்மவர்களில் எத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்காதவர்கள்? கடையில் அறுத்தால் கறி. முனியின் முன் அறுத்தால் காட்டுமிராண்டித்தனம். தமிழ்நாட்டில் ஜெயலலிதா 2003இல் இதேபோன்ற தடையைக் கடுமையாக அமுல்படுத்தினார். அடித்தட்டு மக்களின் கோபம் கண்டு, அந்த 1950ஆம் ஆண்டுச் சட்டமே 2004இல் நீக்கப்பட்டது. அங்கே அவர்களுக்கு வாக்குப் பலம் இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. மனிதர்களோடு அவர்கள் கும்பிட்ட கோயிலும் போயிற்று. ஆபத்தான இடம் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்களுக்கு வேறு வீடு கிடைக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. ஆகவே மீள்குடியேற்றம் இனி நமது மாவட்டத்தின் நிரந்தரச் சொல். ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. லயத்திலிருந்து மக்கள் வெளியேறத்தான் வேண்டும், அதுவும் விரைவாக.

ஆனால் அந்த வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். பாதை இருக்கும், தண்ணீர்த் தாங்கி இருக்கும், சிலவற்றில் விளையாட்டுத் திடலும் இருக்கும். பழைய எல்லையில் நிற்கும் மரத்தைப் பற்றி ஒரு புள்ளிகூட இருக்காது. தோட்டக் காணி 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போய்விட்டது. மக்கள் வெளியேறிய லயத்து நிலம் மீண்டும் அவற்றுக்கே சேரும். மரமும் கல்லும் யாருக்கும் உரியவையல்ல என்றாகிவிடும். காணி உறுதி இல்லாத இந்த மக்களுக்கு, ஐந்து தலைமுறையாக இங்கே இருந்தோம் என்பதற்கு இருக்கும் சாட்சி அந்தக் கல்தான். 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்தப் பாதையில் மாண்டவர்கள் எழுத்தில் விட்டுச் சென்றது ஏதுமில்லை. பிழைத்து வந்தவர்கள் நட்டது இந்தக் கல்லை.

இதற்கு வழி நம் மரபிலேயே இருக்கிறது. குலசாமியை விட்டுப் பிரிந்து போகிறவர்கள் அந்த இடத்தின் மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்று புதிய இடத்தில் வைப்பார்கள். பிடிமண் என்பார்கள். கடல் கடந்து வந்த சாமி இப்படித்தான் வந்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு மலைக்குப் போக அவருக்கு என்ன தடை? தடை, கேட்பாரில்லாமைதான். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் திரிந்து பாடல்களைத் திரட்டினார். சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தை எழுதி வைத்தார். அதேபோல் ஊவாவின் ஒவ்வொரு டிவிசனிலும் எந்த மரத்தடியில் எந்தச் சாமி, எந்த ஊரிலிருந்து யாருடைய பிடிமண் என்று எழுதி, படமெடுத்து வைக்க ஓர் ஆசிரியரும் நான்கு உயர்தர மாணவர்களும் போதும். மரமிருக்கும் இடத்தைக் கைத்தொலைபேசியே குறித்துத் தந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கோபுரத்துக்குப் பணம் அனுப்புவதற்கு முன், மரத்தை விட்டு வைப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம்.

ஐம்பது வீடு கட்டும் திட்டத்துக்கு ஏழு பேர்ச் வீதம் 350 பேர்ச் வேண்டும். அதோடு இரண்டு பேர்ச் சேர்த்து, ஒரு மரக்கன்றுக்கும் ஒரு கல்லுக்கும் என்று வரைபடத்தில் எழுதும்படி தோட்டக் கமிட்டிகளும் பிரதேச சபை உறுப்பினர்களும் கேட்க வேண்டும். நில அளவையாளர் முளை அடிக்கும் முன்பே கேட்க வேண்டும்; முளை அடித்த பின் நகர்த்துவது எவ்வளவு கடினம் என்பது ஊவாவில் வீட்டுக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். கூரைக்குச் செலவில்லை. சாமியே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.